'பி' என்று எழுதினேன்

அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் என்பது ஒரு கொசு அல்ல, ஐந்து. பார்வைக்கு ஐந்தும் ஒன்றே. ஆனால் இயற்கையில் ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்குவதில்லை. 1942இல் எர்ன்ஸ்ட் மயர் வகுத்த வரையறைப்படி அவை தனித்தனிச் சிற்றினங்கள். ஏ, பி, சி, டி, இ என்று பெயர். 'பி' பெரும்பாலும் மாட்டு இரத்தம் குடிக்கும். மலேரியாவைப் பரப்புவதில் சோடை. 'இ' அப்படியல்ல.

இதை வகுப்பில் நடத்தியவன் நான். உருவத்தை நம்பாதீர்கள் என்று மாணவர்களைக் கடிந்தவனும் நான்தான். தெரியாமல் செய்த பிழை என்ற சலுகை எனக்குக் கிடையாது.

ராமேசுவரத்தில் 'இ' இருப்பது 1999இல் வெளியாகிவிட்டது. குரோமோசோம் பட்டைகளை மட்டும் பார்த்தால் அதுவும் 'பி' போலவே தெரியும். பிடித்த பெண் கொசுவை முட்டையிட வைத்து, புழுக்களை வளர்த்து, அவற்றில் ஆண்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். நாள் பிடிக்கும் வேலை. புழுக்கள் செத்துத் தொலையும்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு கடலோர ஊரில் காய்ச்சல். சவுக்குத் தோப்புக் குழிகளில் புழுக்கள் நெளிந்தன. மாட்டுத் தொழுவங்களில் கொசு பிடித்தோம். உடன் வந்த களப்பணியாளர், "புழு வளர்த்துப் பாத்துடலாமே சார்" என்றார். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். இவர் சொல்லியா நான் கேட்பது என்று நினைத்தேன். ஆம், அப்படியேதான் நினைத்தேன். பட்டைகளைப் பார்த்தேன். அறிக்கையில் 'பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உள்ளூர்க் கொசு பரப்பாது, வெளியூர் போய் வந்தவர்கள் கொண்டுவந்த காய்ச்சல் என்று கூட்டத்தில் சொன்னதும் நானே. என் பேச்சை நம்பி மருந்தடிப்பைத் தள்ளிவைத்தார்கள். அந்த மழைக்காலத்தில், ஊர் எல்லை தாண்டாத குழந்தைகள் குளிரில் நடுங்கிக் கிடந்தார்கள். தகப்பன்மார் கடலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது.

மறு ஆண்டு வேறொருவர் புழு வளர்த்துப் பார்த்தார். 'இ' இருந்தது. "இடையில் புதிதாக வந்திருக்கலாம்" என்றேன். பொய். பதவி போய்விடும் என்ற பயம். களப்பணியாளர் அந்த அறையில்தான் இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அறிக்கை இன்னும் திருத்தப்படாமல் கோப்பில் கிடக்கிறது. கடலோர மலேரியாவைப் பற்றி எழுதுகிறவர் யாராவது அதை எடுத்தால், என் கையெழுத்துக்கு மேலே இருக்கும் 'பி'யை நம்ப வேண்டாம்.