உள்ளும் புறமும் ஓக்



சென்ற ஆண்டு மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு வீட்டில் ஓர் அறையைப் புதுப்பித்தோம். அலமாரிக்குத் தேக்கா, வேங்கையா என்று யோசித்திருந்தபோது, கடைக்காரர் வெளிர்பழுப்பில் வரியோடிய பலகையைக் காட்டி, ‘இது ஓக்’ என்றார். மேலைநாட்டு மரம், விலையும் தேக்கைவிடக் குறைவு. வாங்கிவிட்டோம். அதே வாரம் நாற்றுப் பண்ணையில் ‘ஓக் கன்று’ என்று கொடுத்ததையும் கொண்டுவந்து கொல்லைச் சுவரோரம் நட்டோம். வந்தவர்களிடமெல்லாம் உள்ளும் புறமும் ஓக் என்று சொல்லி மகிழ்ந்தோம். அதில் பெருமையும் கலந்திருந்ததை மறைப்பதற்கில்லை.

ஐப்பசி மழையில் அலமாரியின் அடிப்பகுதி உப்பியது. ஆசாரி வந்து விளிம்புப் பட்டையை உரித்தார். உள்ளே மரச்சில்லைப் பசையிட்டு அழுத்திய பலகை. மேலே ஓக்கின் வரியை அச்சிட்ட தாள். ‘இந்தக் கணு அடுத்த கதவுலயும் அதே எடத்துல இருக்கு பாருங்க ஹஜ்ரத்’ என்றார். இத்தனை நாள் நம் கண்ணில் அது படவில்லை. முழு மரமாயின் முகப்பில் ஓடும் வரி வெட்டுமுனையிலும் தொடரும். நகத்தால் வருடினால் நுண்துளைகள் தட்டுப்படும். மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி ஒட்டுப்பலகையின் மேல் பதிப்பதும் உண்டு. அதனை வெனீர் என்பர்; மேற்பரப்பேனும் மெய்யான மரம்.

கன்றும் அவ்வாறே. அது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, ஓக்கின் குடும்பமே அன்று. குமுளி தாண்டினால் தேயிலைக்கு நிழலாக நிற்பதும், மிளகுக்கொடி பற்றி ஏறுவதும் இந்த மரத்தில்தான். நெடிது வளர்ந்து காற்றில் கிளை முறிவது, சுவரோரத்துக்கு ஆகாது. மெய்யான ஓக்குக்குக் குளிர் வேண்டும். இமயச் சரிவுகளில் அதன் இனங்கள் உண்டு. நம் சமவெளியின் வெயில் அதற்கு ஒவ்வாது.

ஆயினும் மெய்யான ஓக் நம் வீட்டில் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. அம்மாவின் மருந்துப் பெட்டியிலுள்ள மாசிக்காய்தான் அது. பெயரில் காய் என்றாலும் காயன்று. மேற்காசிய ஓக் வகை ஒன்றின் கிளையில் சிறு குளவி முட்டையிட்ட இடத்தில் திரளும் முடிச்சு. அதிலுள்ள துவர்ப்புச் சத்து அன்னபேதியோடு சேர்ந்தால் கருமை பிறக்கும். அரபுக் கையெழுத்துப் பிரதிகள் பலவும் அவ்வாறு செய்த மையில் எழுதப்பட்டவையே. ஓக் பலகையிலும் அச்சத்து உண்டு. ஈரத்தோடு இரும்பாணி பட்டால் கருங்கறை விழும். ஆகவே அதற்குப் பித்தளைத் திருகாணி இடுவர்.

இவையெல்லாம் நம் இழப்போடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம். அடுத்த தெருச் சகோதரர் ஒருவர், மகளின் நிக்காஹை ஒட்டி, நம் சொல்லை நம்பி அதே கடையில் வீடு முழுமைக்கும் முன்பணம் கொடுத்திருந்தார். அந்த வாரம் மதரஸாவில் நாம் நடத்திய பாடம், நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்வு. விற்றவர் நாமல்லர் என்று மனத்துக்குள் வாதாடிப் பார்த்தோம். குவியலின் மேற்புறத்து உலர்ந்த தானியமாக இருந்தது நம் நாக்கு.

வெட்கத்தில் மூன்று நாள் தள்ளிப்போட்டு, நான்காம் நாள் இஷாவுக்குப் பின் சென்று சொன்னோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, ‘நேத்துத்தான் மீதிப் பணத்தையும் கட்டுனேன் ஹஜ்ரத். மொத நாளே சொல்லியிருக்கலாமே?’ என்றார். நம்மிடம் விடையில்லை.

கடை பணத்தைத் திருப்பவில்லை. பாதித் தொகையை நாம் ஏற்பதாகச் சொன்னோம். முதலில் மறுத்தவர், வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பின் இசைந்தார். இன்னும் நான்கு தவணை இருக்கிறது. கன்றைப் பெயர்த்து மதரஸாத் திடலின் மூலையில் நட்டுவிட்டோம். பக்கத்தில் ஒரு மிளகுக்கொடியும் ஊன்றியிருக்கிறோம். வெயிலில் பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.