பாகவதரும் ராதாரிச் சீட்டும்

குற்றமற்ற ஒரு கலைஞர் சிறைக்குப் போன கதை என்று பேச்செழும்போதெல்லாம் தமிழர் நாவில் முதலில் வரும் பெயர் எம்.கே. தியாகராஜ பாகவதருடையது, லண்டனில் என்னோடு பழகும் வயது முதிர்ந்த தமிழன்பர்களோ, அந்தப் பெயரைத் தொடர்ந்து விக்தோர் ஹ்யூகோவின் கதாநாயகனான ழான் வல்ழானையும் தவறாமல் நினைவுகூர்கிறார்கள். இளமையில் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ என்ற தமிழாக்கத்தின் வாயிலாக ஹ்யூகோவின் அந்த மகா நாவலை அறிந்து, பின்னர் பிழைப்பை நாடி இந்நகரத்துக்கு வந்து, 1985 முதல் இங்கே இசை நாடகமாக நடந்துவரும் அதே கதையைத் தம் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தவர்கள் அவர்கள். ஆதலால் ரொட்டி திருடியதற்கும், தப்பியோட முயன்றதற்குமாக 19 ஆண்டுகள் தண்டனை அனுபவித்த ஏழையையும், சங்கீத சிகரத்திலிருந்து சிறைக்கூடத்துக்குத் தள்ளப்பட்ட பாகவதரையும் அவர்கள் மனம் ஒன்றாகப் பாவிப்பது இயல்பே. வராக நதிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஜெயமங்கலத்தில், பாகவதரின் இசைத்தட்டுகளைப் பூஜைப் பொருள்போல் துணியில் சுற்றி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த எனக்கும் அந்த அபிமானம் அந்நியமன்று. ஆனால் அந்த ஒப்புமையைக் கொஞ்சம் நிதானமாகப் பின்தொடர்ந்தால், அது பாகவதரிடம் நிற்காமல் எங்கள் பள்ளத்தாக்கின் ஊர்ச் சாவடிகளுக்கே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

வழக்கின் வரலாறு பிரசித்தமானது. சி.என். லக்ஷ்மிகாந்தன் என்பவர் 1943-இல் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி எழுதிவந்தார். பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர்ப் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் விண்ணப்பம் செய்து, அந்தப் பத்திரிகையின் லைசென்ஸை ரத்து செய்வித்தார்கள். அதன் பின்னர் லக்ஷ்மிகாந்தன் ‘இந்து நேசன்’ பத்திரிகையை நடத்தினார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி, வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் நீத்தார். அடுத்த மாதமே பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். நாயுடுவும் இவ்வழக்கில் கைதானார். அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருக்க, அதில் பாவத்திலிருந்து மீண்ட பக்தனாக நடித்துப் பாடியவர் சிறையில் இருந்தார். நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளோடு நடந்த விசாரணையில், அப்ரூவராக மாறிய ஒருவனின் சாக்ஷியம் பெரிதும் ஏற்கப்பட்டு, 1945 மே 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலையானார், பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் தீவாந்தர ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் அல்லவென்றார்கள்.

அந்த ஆறுக்கு மூன்று என்ற கணக்கின் கனம் எனக்கு முழுமையாக விளங்கியது இந்த நாட்டில்தான். இங்கே வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவருக்கும் ஜூரியாக வரும்படி ஒரு நாள் கடிதம் வரக்கூடும், எனக்கும் வந்தது. ஜூரி அறைக்குள் பேசப்பட்டதை வெளியில் சொல்வது சட்டப்படி குற்றமாகையால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன். நியாயஸ்தலத்தில் யாவரும் காணக்கூடியதை மட்டும் சொல்கிறேன். உறுதிமொழி அச்சிட்ட ஓர் அட்டையைச் சேவகர் நீட்டுகிறார். அவரவர் தத்தம் வேதத்தின் மீதோ, வேதமின்றி மனச்சாக்ஷியின் மீதோ சத்தியம் செய்து, பன்னிரண்டு பேராக இரு வரிசையில் அமர்கிறார்கள். முடிவு பன்னிரண்டு பேருடையதாகவே இருக்கவேண்டுமென்று நீதிபதி முதலில் கூறிவிடுகிறார். வெகுநேரம் விவாதித்தும் ஒருமனப்படாவிட்டால், அதன் பிறகே பத்துப் பேரின் முடிவை அவர் ஏற்கலாம். அந்தச் சலுகையும் 1967-இல்தான் இங்கே சட்டமாயிற்று. எனவே 1945-இல் லண்டன் ஓல்ட் பெய்லியில் ஒரேயொரு ஜூரி தலையசைக்க மறுத்திருந்தாலும் ஒருவனைக் குற்றவாளியென்று தீர்த்திருக்க முடியாது. அதே மன்னரின் பெயரால் சென்னையில் நடந்த விசாரணையிலோ, ஒன்பதில் ஆறு பேர் சொல்லி நீதிபதியும் இசைந்தால், ஆயுள் முழுவதையும் பறிப்பதற்கு அது போதுமானதாயிருந்தது. தங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட நியாயத்தைவிட அளவில் குறைந்த நியாயத்தையே ஆட்சியாளர்கள் நமக்கு அனுப்பிவைத்தார்கள் என்பதை அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தபோது எண்ணி நான் மிகவும் வருந்தினேன்.

ஆயினும் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் மேலே போக ஒரு படி இருந்தது. ஹைகோர்ட்டில் அப்பீல் தோற்றபின், கிருஷ்ணனின் மனைவி டி.ஏ. மதுரம் அரும்பாடுபட்டுப் பொருள் திரட்ட, வழக்கு கடல் கடந்து பிரிவி கவுன்ஸிலுக்கு வந்தது. டௌனிங் தெருவின் முனையிலிருந்த அந்தச் சபையில், பெயர்பெற்ற வழக்கறிஞர் டி.என். பிரிட் இருவருக்காகவும் வாதாடினார். ஜூரிகள் கூறிய முடிவின்மேல் வரும் அப்பீலை ஹைகோர்ட் எவ்வளவு தூரம் ஆராயலாம் என்ற சட்டப் பிரச்சினை அங்கே அலசப்பட்டு, வழக்கு மறுபரிசீலனைக்காகச் சென்னைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் மீண்டும் விசாரித்து, 1947 ஏப்ரல் 25-ஆம் தேதி இருவரையும் விடுதலை செய்தார்கள். 1949-இல் இந்திய வழக்குகள் அங்கே வருவது நின்றுவிட்டது. 2009 முதல் அந்தச் சபை பார்லிமெண்ட் சதுக்கத்தில் கூடுகிறது; எவரும் கட்டணமின்றி உள்ளே போய் உட்காரலாம். நானும் போயிருக்கிறேன். ஏதோவொரு தூரத்துத் தீவின் வழக்கைப் பற்றி, உயர்ந்த குரலே எழாமல், மணிக்கணக்கில் அங்கே வாதம் நடக்கிறது. நாடு கடத்தப்பட்ட ஹ்யூகோ தம் நாவலை எழுதிவந்த கேர்ன்ஸி தீவிலிருந்தும் இன்றளவும் அப்பீல் வருவது இந்தச் சபைக்கே.

நாவலுக்கு வருவோம். பாகவதரின் நிலைக்கு நேரான பாத்திரம் அதில் வல்ழான் அல்லன் என்பது என் அபிப்பிராயம். வல்ழான் ரொட்டியைத் திருடியது உண்மை. அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி, சிறு குற்றத்துக்குப் பெருந்தண்டனை விதித்ததும், தண்டனை முடிந்த பிறகும் அவனை மனிதனாக ஏற்க மறுத்ததுமே. செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்பவன் ஷாம்மாத்தியூ என்ற பாமரக் கிழவன். அர்ராஸ் நகர நியாயஸ்தலத்தில் பழைய கைதிகள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, “இவன்தான் வல்ழான்” என்று அடையாளம் காட்டுகிறார்கள். இன்ஸ்பெக்டர் ஜாவேரின் சாக்ஷியமும் அதுவே. தண்டனை நிச்சயமென்றிருந்த தருணத்தில், நகராட்சித் தலைவராகக் கௌரவத்தோடு வாழ்ந்துவந்த உண்மையான வல்ழான் கூட்டத்திலிருந்து எழுந்து, தானே அவன் என்று அறிவித்து, தன் வாழ்வைத் துறந்து கிழவனைக் காப்பாற்றுகிறான். உலக இலக்கியத்தில் அதற்கு ஈடான நியாயஸ்தலக் காட்சியை நான் படித்ததில்லை. சென்னை வழக்கில் அப்படி ஒருவரும் எழவில்லை. லக்ஷ்மிகாந்தனை உண்மையில் கொன்றவர் யார், கொல்லச் செய்தவர் யார் என்பது இன்றுவரை ருசுவாகவில்லை. அவர் எழுதியவை எவ்வளவு இழிவானவையாக இருந்தபோதிலும், நடுத்தெருவில் குத்துண்டு இறந்த அவருக்கும் நியாயம் கிடைக்கவில்லை என்பதை, பாகவதருக்காகக் கண்ணீர் விடுகிற நாம் பெரும்பாலும் மறந்துபோகிறோம்.

அப்படியானால் வல்ழான் யார்? விடுதலையானவன் கையில் சர்க்கார் கொடுத்த மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு இருக்கிறது. போகும் ஊரிலெல்லாம் அதைக் காட்டவேண்டும். காட்டிய மாத்திரத்தில் சத்திரமும் சாப்பாடும் அவனுக்கு மறுக்கப்படுகின்றன. இந்தப் பகுதியைப் படிக்குந்தோறும் எனக்கு ராதாரிச் சீட்டின் ஞாபகம் வருகிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிரமலைக் கள்ளர் சமூகத்தைக் கொண்டுவந்தபோது, உசிலம்பட்டி வட்டாரத்திலும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் வயதுவந்த ஆண்கள் கைரேகை வைத்துத் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளவேண்டியிருந்தது. ஆகவே ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். இரவில் போலீஸ் கச்சேரியிலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுக்கவேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்கவேண்டும். இத்தனைக்கும் அவர்களில் எவர்மீதும் விசாரணை நடக்கவில்லை. ஒரு ஜாதியைச் சர்க்கார் இவ்விதம் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பை எந்த நியாயஸ்தலமும் கேள்வி கேட்கலாகாது என்று சட்டமே தடுத்திருந்தது. ரேகை வைக்க மறுத்து எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

என் சிறுவயதில் எங்கள் வயல்களுக்குக் காவலிருந்த பெரியவர் ஒருவர், வாலிபத்தில் அந்தச் சீட்டோடு திரிந்தவர். மாட்டை விற்கப் பெரியகுளம் பக்கம் வருவதானால் முதல் நாளே கிராம முன்சீப் வீட்டுத் திண்ணையோரம் காத்திருந்து, எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு, எப்போது திரும்புவது என்றெல்லாம் எழுதி வாங்கிவந்து, போன ஊரிலும் அதைக் காட்டவேண்டும் என்று சொல்வார். மழையில் சீட்டு நனைந்து எழுத்து அழிந்தால் அதற்கும் தண்டனை உண்டென்று பயந்து, அதைப் பனையோலையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாராம். ஒருநாள் எங்கள் வீட்டில் பாகவதர் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஏப்பா, இவரு ஜெயிலுக்குப் போனாருன்னு ஊரே அழுதுச்சு. நானும் அழுதேன். அவரைக் கேக்குறதுக்குச் சீமையில ஒரு கோர்ட்டு இருந்துச்சு. நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு கேக்க ஒருத்தரும் இல்லையேப்பா.”

கேட்க ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். லண்டனில் சட்டம் பயின்று 1909-இல் நாடு திரும்பி, மதுரையில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப், அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதியும் வாதாடியும் வந்தார். கள்ளர் மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தார்கள். அவர்களுடைய குழந்தைகளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சட்டம் நீங்குவதைப் பார்க்க அவர் இல்லை, 1938-இலேயே காலமானார். சென்னை மாகாணத்தில் அது ரத்தானது 1947-இல், பாகவதர் விடுதலையான அதே ஆண்டில்.

இவ்வாறு கூறுவதால் பாகவதரின் துயரத்தை நான் லகுவாக எண்ணுவதாக எவரும் கருதலாகாது. கிருஷ்ணன் திரும்பிவந்து ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ முதலிய படங்களால் மறுபடி ஜனங்களின் அன்பைப் பெற்றார். பாகவதருக்கோ ‘ராஜமுக்தி’யும் ‘அமரகவி’யும் பழைய கீர்த்தியை மீட்டுத் தரவில்லை, ஒப்பந்தமான படங்கள் போய், வழக்குக்காகச் செல்வம் கரைந்து, நோயுற்று, 1959 நவம்பர் 1-ஆம் தேதி ஐம்பது வயது நிறையுமுன்னே மறைந்தார். குற்றமற்றவரென்று நியாயஸ்தலம் சொன்ன பிறகும் உலகம் அவரைப் பழையபடி ஏற்கவில்லை. அந்த ஓர் அம்சத்தில் அவரும் வல்ழானின் பங்காளிதான். அந்த வழக்கிலேயே கைதாகி விடுதலையான ஸ்ரீராமுலு நாயுடு, தம் பக்ஷிராஜா ஸ்தாபனத்தின் மூலம் 1950-இல் ‘ஏழை படும் பாடு’ என்று ஹ்யூகோவின் கதையைப் படமாகத் தயாரித்தார். கே. ராம்நாத் இயக்க, நாகையா கதாநாயகனாக நடித்தார்; ஜாவேராக நடித்த சீதாராமன் ஆயுள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். கூண்டில் நின்று மீண்டவர் எத்தனையோ கதைகளிருக்க அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததைத் தற்செயல் என்று நினைக்க என் மனம் ஒப்பவில்லை.

தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு, கடுமையான நிபந்தனைகளோடுதான் என்றாலும், நஷ்டஈடு கொடுக்க இந்த நாட்டில் 1988-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் வேண்டுமென்று சட்டக் கமிஷன் தன் 277-ஆவது அறிக்கையில் 2018 ஆகஸ்டு மாதம் சிபாரிசு செய்தது. அது இன்னும் இயற்றப்படவில்லை. இயற்றப்படும்போது, விசாரணையே இல்லாமல் சாவடியில் படுக்கவைக்கப்பட்டவர்களின் கணக்கையும் அதில் சேர்க்கவேண்டுமென்று நான் வேண்டுகிறேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேனி மாவட்டத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.