பேட்டை அழகானது, பேட்டைவாசிகள் எங்கே?

மாற்றம் இல்லாத ஊர் உண்டோ? வட சென்னையில் உள்ள எங்கள் வண்ணாரப்பேட்டையும் மாறி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியேறியதால் பெயர் பெற்ற பேட்டை இது. 2019 பிப்ரவரி 10-ஆம் நாள் இங்கு மெட்ரோ ரயில் வந்தது. 2021-இல் அது விம்கோ நகர் வரை நீண்டது.

இதனால் விளைந்த நன்மைகளை நாங்கள் மறுக்கவில்லை. பத்துக் குடித்தனங்களுக்கு ஒரே குழாய், ஒரே கழிப்பறை என்றிருந்த ஓட்டு வீடுகள் எங்கள் தெருவில் மாடி வீடுகளாகிவிட்டன. இரவிலும் தெருவிளக்கு எரிகிறது. மாலை வகுப்பு முடிந்து நாங்கள் அச்சமின்றி வீடு திரும்புகிறோம். சொந்த மனை உள்ளவர்களுக்கு அதன் மதிப்பும் கூடியிருக்கிறது.

ஆனால் வாடகைக்கு இருப்பவர்களின் கதி என்ன? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டு வாடகை இரண்டே ஆண்டுகளில் இரு மடங்காயிற்று. அவள் குடும்பம் மீஞ்சூருக்குக் குடிபெயர்ந்தது. விடியற்காலையில் எழுந்து, மின்சார ரயிலில் நெரிசல்பட்டு அவள் பள்ளிக்கு வருகிறாள். அவளுடைய தாயார் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். ஒவ்வொரு வீட்டுத் துணியையும் அடையாளம் தெரிந்தவர். வீட்டை மாற்றலாம், பல்லாண்டு பழகிய வாடிக்கையை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியுமா?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. லண்டன் மாநகரின் தொழிலாளர் தெருக்களில் வசதி படைத்தோர் குடியேற, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேற நேர்ந்தது. அதைக் கண்ட ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர், 1964-இல் அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். 'ஜென்ட்ரி' என்றால் மேட்டுக்குடியினர்.

அப்படியானால் முன்னேற்றமே வேண்டாமா? வேண்டும், இருப்பவர்களையும் வைத்துக்கொண்டு வேண்டும். அதற்கு வழியும் உண்டு. 1970-இல் தோன்றிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே பல அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தந்தது. பிற்காலத்தில்தான் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என நகரின் ஓரங்களுக்கு ஏழைகள் பெருமளவில் அனுப்பப்பட்டனர். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் இன்றும் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நகராட்சியின் வீடுகளிலோ, அரசு உதவியுடன் கட்டிய வீடுகளிலோ வாழ்கின்றனர். அங்கே பேருந்து ஓட்டுநரும் பேராசிரியரும் ஒரே கட்டடத்தில் வசிக்க முடிகிறது.

புதிய ரயில் நிலையம் அமைக்கத் திட்டமிடும்போதே, அதன் அருகில் குறைந்த வாடகை வீடுகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இஸ்திரி வண்டிக்கும் பூக்கடைக்கும் தெருவில் உரிமை வேண்டும். புதிதாகக் குடிவருவோரை நாங்கள் வெறுக்கவில்லை. அவர்களும் நம் அண்டை வீட்டார்தாமே! அவர்களுக்கு இடமளிக்க, பழைய அண்டை வீட்டாரை இழக்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். நாளை பொறியாளராகவும் ஆட்சியராகவும் ஆகப்போகும் தோழியரே, நகரின் வரைபடம் உங்கள் கைக்கு வரும்போது இதை மறவாதீர்கள்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவியர்