அம்மம்மாவின் கடைசிக் கம்பி

2024 மே 10ஆம் திகதி இரவு லண்டன் வானம் இளஞ்சிவப்பாக மினுங்கியது நினைவிருக்கிறதா? நான் நல்ல நித்திரை! அடுத்த காந்தப் புயலையாவது பிடிப்போம் என்று, காந்தப்புலம் அளக்கும் உணரி ஒன்றை எங்கள் தோட்டத்துக் கொட்டிலில் ஒரு மரக்கட்டையில் பூட்டினேன்.

ஒவ்வொரு மழைக்கும் "புயல்" வந்தது. பிறகுதான் விளங்கியது. லண்டன் களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். கட்டை சரிய, உணரியும் சரியும். இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட 66 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதனால் உணரி ஒரு பாகை சரிந்தாலே பெரிய புயல் போலக் காட்டும். இந்தச் சாய்வைப் பற்றி 1581இல் புத்தகம் எழுதியவரும் லண்டனில் திசைகாட்டி செய்த ஒருவர்தான்: ராபர்ட் நோர்மன்.

சரி, ஊஞ்சல் கட்டினேன். ஊஞ்சல் முன்னும் பின்னும் தானாக நேராகும். ஆனால் மேலே உள்ள மரம் ஒரு பக்கம் பதிந்தால் பலகையும் பதியும். ஆகவே அதன் கீழே குறுக்காக இன்னொரு ஊஞ்சல். அப்போதும் மின்சார வயர் விறைத்து நின்று இழுத்தது. பற்றறியைப் பலகையில் வைத்தால் அதன் உருக்கு உறை அளவைக் கெடுத்தது.

பழைய கல்வனோமானியில் சுருளைத் தாங்கும் மெல்லிய பொஸ்பர் வெண்கலப் பட்டைதான் மின்சாரத்தையும் கொண்டுபோகும். தாங்கும் கயிறே வயர்! உடனே "பொஸ்பர் வெண்கலம்" என்று எழுதிய கிற்றார் கம்பி வாங்கினேன். அளவு தாறுமாறு. வெளியே சுற்றியிருந்ததுதான் வெண்கலம், நடுவில் உருக்கு.

"பித்தளை எண்டாப் பரவாயில்லையோ?" என்று அம்மம்மா கேட்டா. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த அவவின் தம்பூராவுக்கான மந்தரக் கம்பி, கடதாசி உறைக்குள் சுருண்டு கிடந்தது. கை நடுங்கத் தொடங்கியபின் தம்பூரா மூலையில்தான்.

"வெட்டவேணும் அம்மம்மா. சுத்தியலால தட்டையாக்கவேணும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதுதான் கடைசிக் கம்பி. பிழையா அளந்து வெட்டிப்போடாதை."

மூன்று முறை அளந்தேன். நாலு துண்டு: இரண்டு மேல் ஊஞ்சலுக்கு, இரண்டு கீழ் ஊஞ்சலுக்கு. மேலையும் கீழையும் ஈயம் வைத்து இணைத்தேன். ஒரு பக்கத்தால் மின்சாரம் போகிறது, மறுபக்கத்தால் திரும்புகிறது. அளவுகள் புளூடூத்தில் வருகின்றன.

போன கிழமை நல்ல மழை. அம்மம்மா திரையை உற்றுப் பார்த்தா.

"ஒண்டும் நடக்கேல்லையே, பிள்ளை?"

"அதுதான் அம்மம்மா வேணும்!"