புலி இருக்கும் இடத்தில் பயமில்லை!

தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் பீர்க்கன்கரணையைப் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. வண்டலூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஓர் ஏரி வருமே, அந்த ஊர்தான். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு, வெளியூர் பஸ் பயணிகள் பலருக்கு அந்த ஏரி தரிசனமும் போய்விட்டது.

ஊருக்குள் நுழைந்தால் சைக்கிளுக்கென்றே போட்டதுபோலத் தெருக்கள். குறுகலானவை, அதனால் எந்த வண்டியும் பறக்க முடியாது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, பெருங்களத்தூர் ரயில் நிலையம் எல்லாமே ஒரு மிதி தூரம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் வேறு வீட்டுக்கே வந்துவிடுகிறது. அப்புறம் என்ன குறை?

தெருமுனையில் ஜி.எஸ்.டி. சாலை நிற்கிறது. அதுதான் குறை.

லாரியும் ஆம்னி பஸ்ஸும் விரட்டிக்கொண்டு வரும் சாலையைச் சைக்கிளோடு கடப்பது லேசான காரியம் இல்லை. ஓரமாகப் போகலாமென்றால், ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் ஆள் ஏற்ற ஒதுங்குவது அங்கேதான். எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்கும் அதே ஓரம்தான். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த காலம் போய் மேம்பாலம் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கியர் இல்லாத சைக்கிளில், முதுகில் புத்தக மூட்டையோடு, பின்னால் ஹார்ன் அலற அந்த ஏற்றத்தை ஒரு பதினைந்து வயசுப் பெண் மிதிக்கவேண்டும். அரசாங்கம் கொடுத்த சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டு, அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார் என்றால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

இந்தப் பக்கத்தில் நிம்மதியாகச் சைக்கிள் ஓட்ட ஓர் இடம் உண்டு. சில கிலோமீட்டர் தள்ளி, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. சுற்றிப் பார்க்க உள்ளேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். மரநிழல், அகலமான பாதை, குறுக்கே வர லாரி இல்லை. புலியும் சிங்கமும் இருக்கும் இடத்தில்தான் நம் பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டுகிறார்கள்!

திட்டமே போடவில்லை என்று சொல்ல முடியாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவிகிதம் இதற்கே என்றது அந்தக் கொள்கை. ஆனால் அப்போது பீர்க்கன்கரணை, காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரூராட்சி. 2019-ல் மாவட்டம் செங்கல்பட்டு ஆனது. 2021-ல் 5 நகராட்சி, 5 பேரூராட்சிகளைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. முகவரி மாறிக்கொண்டே இருக்கிறது, தெருமுனை மட்டும் அப்படியே. தெரு மாநகராட்சிக்கு, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, ஸ்டேஷன் ரயில்வேக்கு. சைக்கிளில் போகும் பிள்ளை பத்து நிமிடத்தில் மூன்று பேர் எல்லையைக் கடக்கிறது. இவர்களை ஒரே மேஜையில் உட்காரவைக்கத்தான் 'கும்டா' என்கிற பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது.

நெதர்லாந்தும் பிறக்கும்போதே சைக்கிள் நாடு இல்லை. 1970-களில் சாலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கோபத்தில் பெற்றோர் தெருவில் இறங்கிய பிறகுதான் அங்கே தனிப்பாதைகள் பெருகின. உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் இன்று சுமார் 12,500 சைக்கிள் நிறுத்தலாம்.

பெருங்களத்தூருக்கு அவ்வளவு வேண்டாம். கூரை போட்ட ஒரு ஸ்டாண்ட், சைக்கிளை இறங்கித் தள்ளாமல் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க சிக்னலோடு ஓர் இடம், கார் நிறுத்த முடியாதபடி கல் நட்ட ஓர் ஓரப்பாதை. முதலில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்குமாவது.