பழுது நீக்குபவன் கையில் ஓர் அமானிதம்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்விதான் எழுகிறது: அடுத்து என்ன? ஒருபுறம் பொறியியல் கல்லூரியின் கட்டணம். மறுபுறம் வளைகுடாவில் இருக்கும் உறவினரின் அழைப்பு. எங்கள் மூத்த மகனுக்கு நாங்கள் வேறொரு வழியைத் தேர்ந்தோம். பகலில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை. இஷாவுக்குப் பின் 'காம்ப்டியா ஏ பிளஸ்' சான்றிதழுக்கான படிப்பு. பெற்றோராக அருகிலிருந்து அப்பயிற்சியைக் கண்டதில் நாங்கள் விளங்கிக்கொண்டதைப் பிற குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இச்சான்றிதழ் 1993 முதல் வழங்கப்பட்டு வருகிறது. கணினித் துறையில் முதற்படி ஏறுவோருக்கானது. பட்டம் எதையும் முன்தகுதியாகக் கேட்பதில்லை. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். முதல் தாள் கணினியின் உறுப்புகள், கைப்பேசி, வலையமைப்பு, அச்சுப்பொறி ஆகியவற்றைப் பற்றியது. இரண்டாவது தாள் விண்டோஸ் முதலிய இயங்குதளங்கள், பாதுகாப்பு, மென்பொருள் கோளாறுகள், பணிநெறிகள் ஆகியவற்றைப் பற்றியது. 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் முதல் தாளுக்கு 675, இரண்டாவதற்கு 700 பெற வேண்டும். இரண்டு தாள்களும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையாக இருத்தல் அவசியம். தேர்ச்சி பெற்றால் சான்றிதழ் மூன்றாண்டுகள் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

இப்படிப்புக்குப் பெரிய செலவில் வகுப்பில் சேர வேண்டும் என்பதில்லை. மெஸ்ஸர் என்பவரின் பாடக் காணொளிகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவை ஆங்கிலத்தில் இருந்ததால் எங்கள் மகன் தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை கேட்டான். கடை உரிமையாளர் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் பாய் விரித்துக் கழற்றினான். மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் என ஒவ்வொன்றையும் தங்கையிடம் பெயர் சொல்லிக் காட்டுவான். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க மாட்டான். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே அதைத் திறவாமல் முழுமையாக மாற்றுவதே முறை என்பான். நம் விரலுக்குத் தெரியாத சிறு நிலைமின்சாரம்கூட ஒரு ராமைப் பாழாக்கிவிடும் என்று கையில் பட்டை அணிந்துகொண்டே வேலை செய்வான்.

மதரஸாவில் ஓதிப் பழகிய பிள்ளைகளுக்கு மனனம் செய்வது கடினமன்று. 22, 80, 443, 3389 என்று போர்ட் எண்களை அவன் ஒரே வாரத்தில் ஒப்பித்துவிட்டான். ஆனால் இப்பயிற்சியின் உயிர் மனனத்தில் இல்லை. பழுதைக் கண்டறியும் ஒழுங்கில் இருக்கிறது. அதற்கு ஆறு படிகளை வகுத்திருக்கிறார்கள். முதலில் பயன்படுத்துபவரிடம் கேட்டு, சிக்கல் இன்னதென்று அறிய வேண்டும். அடுத்து, காரணம் இதுவாக இருக்கலாம் என்று கருத வேண்டும். பிறகு அக்கருத்தைச் சோதிக்க வேண்டும். நான்காவதாகத் திட்டமிட்டுச் சரிசெய்ய வேண்டும். ஐந்தாவதாக, எல்லாம் முறையாக இயங்குகிறதா என்று உறுதி செய்து, அப்பழுது மீண்டும் வராதிருக்க வழி காண வேண்டும். இறுதியில் நடந்தவற்றை எழுதி வைக்க வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன் உள்ளிருக்கும் தகவல்களுக்குப் படியெடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்பது இதில் வலியுறுத்தப்படும் பாடம்.

எங்களை வியக்க வைத்தது இரண்டாம் தாளின் பணிநெறிப் பகுதி. சொன்ன நேரத்தில் செல்லுதல், வாடிக்கையாளரின் பேச்சை இடைமறிக்காது கேட்டல், அவர் அறியாமையை எள்ளி நகையாடாதிருத்தல், அவருடைய அந்தரங்கத் தகவல்களைக் காத்தல், உரிமம் பெற்ற மென்பொருளையே பயன்படுத்துதல் ஆகிய யாவும் தேர்வுக்குரிய பாடங்கள். உலகத் தொழிலுக்காக எழுதப்பட்ட பாடத்திட்டம் இது. ஆயினும் நாம் அமானிதம் என்று சொல்வதன் பெரும்பகுதி இதற்குள் அடங்கியிருப்பதைக் கண்டோம்.

அதன் பொருள் ஒரு நாள் கடையிலேயே விளங்கியது. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் திரையே வராத மடிக்கணினியைக் கொண்டுவந்து, கொடுக்க மனமின்றி நின்றார். "தம்பி, உள்ளே என் மகளுடைய நிக்காஹ் படங்கள் இருக்கின்றன" என்றார். எங்கள் மகன் அவர் கண்ணெதிரிலேயே ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அவர் கையில் கொடுத்து அனுப்பினான். பழுது ராமில் இருந்தது; அதைக் கண்டுபிடிக்க டிஸ்க் தேவைப்படவில்லை. மறுநாள் அவர் வந்ததும் டிஸ்கைப் பொருத்தினான். அவர் கடவுச்சொல்லை இடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதைக் கடை உரிமையாளர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். இன்று ஒரு வீட்டின் மானம் அலமாரியில் இல்லை. பழுதுபார்க்கக் கொடுக்கும் கருவிக்குள் இருக்கிறது.

எல்லாம் இவ்வளவு எளிதாக நடந்துவிடவில்லை. முதல் தாளை முதன்முறை எழுதியபோது அவன் தேர்ச்சி பெறவில்லை. மறுமுறை எழுத முழுக் கட்டணத்தையும் மீண்டும் செலுத்த வேண்டும். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. அவ்வேளையில் நண்பன் ஒருவன், வெளியே கசிந்த தேர்வுக் கேள்விகளை விடையோடு தொகுத்த கோப்பொன்றைத் தருவதாகச் சொன்னான். 'டம்ப்' என்று அதற்குப் பெயர். அந்த நண்பன் அதைப் படித்தே தேறியிருந்தான்.

"வாப்பா, மூன்று மாதப் படிப்பு மூன்று நாளில் முடிந்துவிடும் என்கிறான்" என்று மகன் வந்து நின்றான். இது பிடிபட்டால் சான்றிதழைப் பறித்து, இனித் தேர்வெழுதத் தடை விதிப்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும். நாங்கள் அந்த அச்சத்தைப் பேசவில்லை. "அந்தச் சான்றிதழைக் காட்டி வாங்கும் சம்பளம் நம் வீட்டு உலையில் வேகும்போது அதை என்னவென்று சொல்வது?" என்று மட்டும் கேட்டோம். அவன் பதில் சொல்லாமல் எழுந்து போனான். இரண்டு நாட்கள் எங்களோடு சரியாகப் பேசவுமில்லை.

மூன்றாம் நாள் மதிப்பெண் அறிக்கையை எடுத்து வைத்தான். எந்தெந்தப் பாடக்கூறுகளில் தவறு நேர்ந்தது என்பது அதில் குறிக்கப்பட்டிருந்தது. அச்சுப்பொறியும் வலையமைப்பும்தான் அவனைக் கைவிட்டிருந்தன. கடையில் கிடந்த பழைய லேசர் அச்சுப்பொறியைப் பிரித்து, செயலாக்கம் முதல் தூய்மைப்படுத்துதல் வரை அதன் ஏழு கட்டங்களையும் கண்ணால் கண்டு கற்றான். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் அக்கணினிக்கு முறைப்படி முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். அதன் காரணத்தை எங்களுக்கே விளங்கும்படி சொல்லிக் காட்டினான். இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றான், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த தாள் இனிமேல்தான்.

கடையிலும் சோதனை உண்டு. உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றித் தரும்படி கேட்போர் பலர். அவன் இரண்டு வழிகளைச் சொல்கிறான்: உரிமம் வாங்கலாம், அல்லது விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள், சிலர் அடுத்த கடைக்குச் செல்கிறார்கள். செல்பவரோடு அன்றைய கூலியும் செல்கிறது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று சொல்வது எளிது. கையில் வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும்போதுதான் அச்சொல்லின் கனம் தெரிகிறது.

இவ்வழியை எண்ணும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். கட்டணம் செலுத்துமுன் எந்தப் பதிப்பு நடப்பில் உள்ளது என்று பாருங்கள். புதிய பதிப்பு 2025 மார்ச்சில் வந்துள்ளது. கழற்றிப் பூட்டப் பழைய கணினி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஆங்கிலத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இப்படிப்பைக் கற்பியுங்கள். தம் படங்களை ஆண்களிடம் ஒப்படைக்கத் தயங்கும் பெண்களுக்கு அவர்கள் பேருதவியாக இருப்பார்கள். எங்கள் மகளும் இப்போது அண்ணனின் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அவர்களின் ஈட்டலில் அல்லாஹ் பரக்கத் செய்ய, உங்கள் துஆவில் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.