பக்கத்துப் போர்ஷனுக்குச் சொன்ன பதில்

காரில் ஏறியதுதான் அந்தப் பெண் செய்த தப்பு என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். ஜெயகாந்தனைப் படிக்காதவர்கள்கூட, அவர் நாவலை வைத்து எடுத்த, லட்சுமி நடித்துத் தேசிய விருது வாங்கிய படத்தைப் பார்த்துவிட்டு அப்படித்தான் தீர்ப்புச் சொல்வார்கள். ஜெயகாந்தன் 1934-இல் பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். கடலூரை அடுத்த குடிகாட்டுக்காரனான எனக்கு அவர் நம்மூர்க்காரர். அந்த உரிமையில்தான் இந்தத் தீர்ப்பை மறுக்கிறேன்.

1966-இல் ஆனந்த விகடனில் வந்த கதை ‘அக்கினிப் பிரவேசம்’. கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், முன்பின் தெரியாதவன் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடந்து, வீடு திரும்பி அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். பக்கத்துப் போர்ஷனிலிருந்து என்னவென்று ஒரு குரல் கேட்கிறது. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒன்றுமில்லை, இந்த மழையில் இப்படி நனைந்துகொண்டு வந்திருக்கிறாளே என்றுதான் திட்டுகிறேன் என்று சமாளிக்கிறாள் அம்மா. பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

வாசகர்கள் கொதித்தார்கள். அதெப்படி ஒரு தாய் மன்னிக்கலாம் என்று சண்டைக்கு வந்தார்கள். ஜெயகாந்தன் வாதாடியதோடு நிற்கவில்லை. சரி, மன்னிக்காத தாயையே வைத்துக்கொள்வோம் என்று ஒரு நாவலே எழுதினார். 1970-இல் நூலாக வந்து, 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுதான். அதே மழை, அதே கார். அம்மா ஊரைக் கூட்டிவிடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணன் வீட்டை விட்டு விரட்ட, மாமா தயவில் படித்து, நல்ல உத்தியோகமும் கெட்ட பேருமாக வாழ்கிறாள் மகள் கங்கா. ஒருநாள் பத்திரிகையில் ‘அக்கினிப் பிரவேச’த்தை அவளே படிக்கிறாள். தனக்குக் கிடைக்காமல் போன தாயை அச்சில் பார்க்கிறாள்.

ஒரு சின்ன முடிவால் இரண்டாகப் பிரியும் வாழ்க்கையைப் பற்றி வெளிநாட்டில் நிறைய எழுதியிருக்கிறார்கள், படமும் எடுத்திருக்கிறார்கள். 1998-இல் வந்த ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ படத்தில் நாயகி ரயிலைப் பிடித்தால் ஒரு கதை, தவறவிட்டால் இன்னொரு கதை. அங்கே பிரித்துவைப்பது தற்செயல். ஜெயகாந்தனிடம் மகள் இரண்டு தடவையும் காரில் ஏறத்தான் செய்கிறாள். பக்கத்துப் போர்ஷனுக்கு அம்மா சொன்ன பதில்தான் மாறுகிறது.

சிப்காட் ஆலைகளை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் இருக்காது. என் தெருவில் இரண்டு பெண்கள் ஒரே வருஷம் பிளஸ் டூ கணக்கில் பெயிலானார்கள். தண்ணீர்க் குழாயடியில் விசாரித்தவர்களிடம் ஒருத்தியின் அம்மா, “துணைத் தேர்வு எழுதப்போறா, அதுக்கென்ன” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். இன்னொருத்தியின் அம்மா அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். முதல் பெண் இப்போது சிதம்பரத்தில் வேலை பார்க்கிறாள். மற்றவளுக்கு அடுத்த தையிலேயே கல்யாணம் முடிந்தது. அந்த ஒரு பேச்சுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். ஆனால், ஊரே சேர்ந்து அழுதுவிட்ட பிறகு மறுபடி பரீட்சை எழுதுகிறேன் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

நாவலில் வரும் அம்மாவும் பொல்லாதவள் அல்ல. பதறிப்போன எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தாள். அதனால்தான் அந்தப் புத்தகம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. நான் அன்றைக்கு வேறு முடிவு எடுத்திருந்தால் என்று நம் வாழ்க்கையை நினைத்து ஏங்குவது சுலபம். நாம் வாயடக்கியிருந்தால் யாருடைய வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும் என்று அந்த நாவல் நம்மைக் கணக்குப் பார்க்க வைக்கிறது.